எல்லையில் சில கதைகள் – 9: ஆணியைப் பிடுங்கிய கை

களியக்காவிளையில் ஆனவண்டி என்கிற கேரள அரசுப் பேருந்தைப் பிடித்தால் பாறசாலைக்குப் பத்து நிமிஷம். நெய்யாற்றின்கரைக்கு இன்னும் அரைமணி நேரம். கடைப்பலகைகளில் தமிழ் போய் மலையாளம் வரும். மற்றபடி அதே ரப்பர், அதே மரச்சீனி, அதே குருசடி, அதே இசக்கி. கண்டக்டர் மலையாளத்தில் கேட்பார், பாட்டி தமிழில் பதில் சொல்வாள். வேறு வேறு மொழி பேசுகிறோம் என்ற நினைப்பு இருவருக்குமே இருக்காது.

இந்த வழியில்தான் என் பாட்டி எனக்கு அந்த எச்சரிக்கையைச் சொன்னாள். மடியில் வெற்றிலைப் பை. விரல் நுனியில் சுண்ணாம்பு. எங்கள் பக்கத்தில் அதற்கு நூறு என்று பெயர்.

“மக்களே, ராத்திரி இந்த ரோட்டுல எவளாவது வந்து நூறு கேட்டா கையில குடுக்கப்பிடாது. கத்தி முனையில வச்சு நீட்டணும்.”

எனக்கு அப்போது எட்டு வயது. என்னிடம் நூறும் இல்லை, கத்தியும் இல்லை. பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

பிற்பாடு கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதிஹ்யமாலை’யைப் படித்தபோது பாட்டியின் ரோடு அதிலும் இருந்தது. 1909இல் நூலாக வரத் தொடங்கிய அந்தத் தொன்மக் கதைத் திரட்டில், மந்திரம் தெரிந்த பாதிரியாரான கடமற்றத்துக் கத்தனாரின் கதை ஒன்று. திருவனந்தபுரத்துக்கும் பத்மநாபபுரத்துக்கும் நடுவே ஆளில்லாத காட்டுவழி. அங்கே ஓர் அழகி நின்று வழிப்போக்கரிடம் சிரித்துச் சுண்ணாம்பு கேட்கிறாள். கொடுத்தவன் அவள் பின்னால் போகிறான். மறுநாள் எலும்பும் நகமும்தான் மிச்சம். வரைபடத்தில் அந்த வழியை விரலால் தடவிக்கொண்டு போனால் நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் விரலுக்கு அடியில் வந்துவிடும்.

சென்ற வாரம் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: “வெளிநாட்டில் தேவதைக் கதைகளைப் பெரியவர்களுக்கான காதல் நாவலாக மாற்றி எழுதுகிறார்களே, நம்மிடம் அப்படி ஏதாவது உண்டா?” உண்டு. ஆனால் நம் கதை போன பாதை வேறு.

அவர்களுடைய கதையை முதலில் பார்த்துவிடுவோம். ‘அழகியும் விலங்கும்’ கதையை 1740இல் வில்நெவ் என்ற பிரெஞ்சு அம்மையார் பெரியவர்களுக்காக நீளமாக எழுதினார். 1756இல் போமோன் என்ற ஆசிரியை அதைச் சிறுமியர் படிக்கத் தக்கதாகச் சுருக்கினார். கிரிம் சகோதரர்களின் 1812ஆம் ஆண்டுப் பதிப்பில் கோபுரத்தில் அடைபட்ட ராப்பன்செல், தன் உடுப்பு ஏன் இறுகிக்கொண்டே போகிறது என்று வெள்ளந்தியாகக் கேட்டு மாட்டிக்கொள்வாள். அரசகுமாரன் வந்துபோன கணக்கு அந்தக் கேள்வியில் இருந்தது. அடுத்த பதிப்பில் அந்தக் கேள்வியே காணாமல் போயிற்று. இப்படிக் குழந்தைகளுக்காக வடிகட்டியதைத்தான் 1979இல் ஏஞ்சலா கார்ட்டர் ‘தி ப்ளடி சேம்பர்’ தொகுப்பில் மறுபடி பெரியவர்களிடம் கொண்டுவந்தார். 2015இல் சாரா ஜே. மாஸ் அதே விலங்கின் கதையை வைத்துத் தொடங்கிய காதல் நாவல் வரிசை இன்று உலகெங்கும் விற்கிறது.

வழியில் சுண்ணாம்பு கேட்கும் அந்த யட்சியை நாங்கள் நீலி என்போம்; கோயிலில் அவள்தான் இசக்கி. நம் நீலியை யாரும் வடிகட்டவில்லை. அவள் கதை பிறந்ததே பெரியவர்களுக்காகத்தான். இசக்கி கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடுச்சாமத்தைத் தாண்டும்போது பிள்ளைகள் பாயில் உறங்கிக் கிடக்கும். அதற்குப் பிறகுதான் நீலி கதை சூடுபிடிக்கும். நகைக்கு ஆசைப்பட்ட ஒருவன், தன் மடியில் தலைவைத்து உறங்குகிறவளைக் காட்டில் கொல்கிறான். சாட்சிக்கு ஒரு கள்ளிச்செடி மட்டும். மறுபிறப்பில் அவள் அந்தக் கள்ளிக்கிளையையே குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, ஊரார் முன் அவனைத் தன் புருஷன் என்கிறாள். ஊர் நம்புகிறது. இருவரையும் ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறது. விடியும்போது அவன் பிணமாகக் கிடக்கிறான். வடக்கே திருவாலங்காட்டுப் பழையனூரிலும் இதே கதை. தெற்கே நாகர்கோவில் பக்கத்துக் கள்ளியங்காட்டிலும் இதே கதை.

காமம், துரோகம், பொய்த் தாம்பத்தியம், பழி. காதல் நாவலுக்கு வேண்டிய சரக்கெல்லாம் இதில் முன்பே இருந்தது. எழுத்தாளர்கள் விடுவார்களா?

முதலில் வந்தவர் சி.வி. ராமன் பிள்ளை. 1891இல் வெளியான ‘மார்த்தாண்டவர்மா’ மலையாளத்தின் முதல் வரலாற்று நாவல். அது திறப்பதே நீலி உலாவியதாகச் சொல்லும் பஞ்சவன்காட்டில், வெட்டுப்பட்டுக் கிடக்கும் அனந்தபத்மநாபனோடுதான். அவனுக்காகக் காத்திருக்கிறாள் பாறுக்குட்டி. நீலியின் கதையும் உள்கதையாக வருகிறது. ஆனால் இங்கே ஆளை வெட்டிப் போட்டது யட்சி இல்லை, அரசியல். நாவலின் நாயக அரசர் எதிரிகளுக்குத் தப்பி ஒளிந்ததாகச் சொல்லும் அம்மச்சிப் பிலாவு, நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் இன்றும் நிற்கிறது. அடிமரத்தின் பொந்தைப் பார்த்தால் ஓர் ஆள் ஒடுங்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

அடுத்து மலையாற்றூர் ராமகிருஷ்ணன். 1967இல் வந்த அவருடைய ‘யட்சி’யில் ஆய்வக விபத்தில் முகம் சிதைந்த கல்லூரி விரிவுரையாளனைத் தேடி அழகி ஒருத்தி வருகிறாள். அழகியும் விலங்கும் கதையேதான். பிரெஞ்சுக் கதையில் பெண்ணின் அன்பால் விலங்கு மனிதனாகும். இங்கே அவனுக்கு அந்த அன்பை நம்ப முடியவில்லை. இத்தனை அழகி இந்த முகத்தை ஏன் விரும்ப வேண்டும், யட்சியாகத்தான் இருப்பாள் என்று சந்தேகப்படுகிறான். கொலையில் முடிகிறது. மறுவருஷமே கே.எஸ். சேதுமாதவன் இயக்கத்தில் சத்யனும் சாரதாவும் நடித்துப் படமாகவும் வந்தது.

தமிழில் ஜெயமோகனின் ‘காடு’. 2003இல் வந்த நாவல். சாலை வேலைக்கு மலைக்காட்டுக்குள் போகும் கிரிதரன் ஒரு மலைப்பெண்ணைக் கண்டு பித்தாகிறான். சங்கக் கவிதையின் குறிஞ்சி அவன் தலைக்குள் பூக்கிறது. அவள் பெயர் நீலி. விளவங்கோட்டுக்காரர் ஒருவர் தன் காதல் கதையின் பெண்ணுக்கு அந்தப் பெயரை வைத்தால் எங்கள் ஊர் வாசகனுக்கு முதல் பக்கத்திலேயே முதுகுத்தண்டு சிலிர்த்துவிடும். 2025 ஆகஸ்டில் வந்த ‘லோகா’ படத்தில் கள்ளியங்காட்டு நீலி பெங்களூரில் வாடகை வீட்டில் இருக்கிறாள். எதிர்வீட்டுப் பையன் அவள்மேல் காதலாகிறான்.

நான்கிலும் நீலியைப் பார்க்கும் கண் பெரும்பாலும் ஆணின் கண். வழிப்போக்கனின் கண் என்றும் சொல்லலாம். அவனுக்குப் பனை என்றால் யட்சி குடியிருக்கும் மரம். எங்கள் ஊரிலோ காலையும் மாலையும் பனையேறியவர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் பனை என்றால் பயினி, கருப்பட்டி, ஓலை, விறகு. அந்த வீட்டுப் பெண்கள் இசக்கிக்கு வளையல் வாங்கிப் போட்டார்கள், பிள்ளை வரத்துக்குத் தொட்டில் கட்டினார்கள். ஊர்வழி போகிறவன் அஞ்சிய அதே நீலியிடம் ஊரில் இருப்பவள் போய்த் தன் மனக்குறையைச் சொன்னாள்.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரையும் வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது, கிடைக்கவில்லை. ஒரே குடும்பத்தின் ரேஷன் கார்டுகள் இரண்டு மாநிலமாயின. நீலிக்கு அந்தச் சிக்கல் இல்லை. கள்ளியங்காடு இந்தப் பக்கம். அவள் கடைசியாகப் போய் அமர்ந்த பனையன்னார்காவு அந்தப் பக்கம்.

அங்கே எப்படிப் போனாள்? எழுதியவர்கள் தாண்டிப்போன இடம் அதுதான்.

கத்தனார் அவள் உச்சந்தலையில் இரும்பு ஆணி அடிக்கிறார். யட்சி சாதாரணப் பெண்ணாகிவிடுகிறாள். காயங்குளத்தில் தமக்கு வேண்டிய ஒரு வீட்டுக்கு அழைத்துப் போகிறார். வேலைக்கு ஓர் ஆள் கிடைத்ததே என்று அங்கிருந்த கிழவிக்கு மகிழ்ச்சி. அந்தக் கிழவி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலை கோதிவிடுகிறாள். விரலில் ஏதோ கடினமாகத் தட்டுப்படுகிறது. அடப் பாவமே, இது என்ன என்று பிடுங்கிவிடுகிறாள். யட்சி மறைந்துபோகிறாள், பனையன்னார்காவில் போய் அமர்கிறாள்.

மந்திரம் தெரிந்த கை ஆணியை அடித்தது. பேன் பார்க்கத் தெரிந்த கை அதைப் பிடுங்கியது. கிழவிக்கு அவள் யாரென்றே தெரியாது, தலையில் என்னவோ உறுத்துகிறது என்பது மட்டும் தெரிந்தது. நீலியின் கதையில் நான் பார்த்த ஒரே காதல் காட்சி அதுதான். நான் படித்தவரை இன்னும் ஒருவரும் அதை நாவலாக்கவில்லை.

பாட்டி எச்சரித்த ராத்திரியே வீட்டுத் திண்ணையில் அக்காளை இரண்டு முழங்காலுக்கு நடுவே இருத்தி ஈருளி போட்டு வாரிக்கொண்டிருந்தாள். அக்காள் வலிக்கிறது என்று கத்தினாள்.

“அனங்காம இரி பிள்ளே. உள்ள என்ன கெடக்குன்னு பாக்கண்டாமா?”

(தொடரும்)