உங்களுக்குத் தெரியுமா? தேவாலயத்துக்குச் செய்த ஆர்கன் ஜாஸுக்குப் போன கதை

● ஜாஸ் இசையில் உறுமும் மின்சார ஆர்கனை உருவாக்கியவர் ஒரு கடிகாரக்காரர். அமெரிக்கரான லாரன்ஸ் ஹேமண்ட் இசைக் கலைஞர் அல்ல. தன் மின்கடிகாரங்களை ஓட்டிய அதே வகை மோட்டாரை வைத்தே ஆர்கனையும் வடிவமைத்தார். 1934-ல் காப்புரிமை கிடைத்தது. 1935-ல் வாத்தியம் கடைக்கு வந்தது.

● நாரணாபுரம், சிவகாசிப் பக்கம் அச்சு இயந்திரத்தின் மூடியைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இந்த ஆர்கனின் வயிறு பழகிய இடம்போலத்தான் தெரியும். உள்ளே முழுக்கச் சக்கரங்கள், மொத்தம் 91. விளிம்பில் மேடுபள்ளம் வெட்டிய சக்கரம் காந்தத்தின் முன்னால் சுழல, பக்கத்துக் கம்பிச்சுருளில் மின் அலை பிறக்கிறது. மேடுகள் கூடக்கூடச் சுரம் ஏறும். துருத்தியும் இல்லை, காற்றும் இல்லை.

● அந்த மோட்டாரின் வேகம் கரண்ட்டின் அலைவெண்ணோடு கட்டுண்டது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. அங்கே ஓடிய ஆர்கனை வோல்ட்டேஜ் மட்டும் மாற்றி இங்கே செருகினால், ‘ச’ கட்டையை அமுக்கும்போது அதற்குக் கீழே இருக்கும் சதுஸ்ருதி தைவதம்தான் ஏறக்குறையக் கேட்கும்! 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கென்று தனியாகவே செய்து அனுப்பினார்கள்.

● பெரிய குழல் ஆர்கன் வைக்க வசதியில்லாத தேவாலயங்களை நம்பித்தான் ஹேமண்ட் இறங்கினார். கறுப்பின மக்களின் தேவாலயங்களில் அது வேரூன்றியது. அங்கே ஞாயிறு காலையில் கேட்ட ஒலிதான் சனி இரவு ஜாஸ் விடுதிகளிலும் நிறைந்தது.

● ஜாஸ் கலைஞர்கள் மிகவும் நேசித்த இரண்டு விஷயங்கள் ஹேமண்டுக்குப் பிடிக்காதவை. ஒன்று, கட்டையை அமுக்கியதும் வரும் ‘டிக்’ சத்தம். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒன்பது மின்தொடுப்புகள்; அவை சேரும்போது எழுவது அது. பொறியாளர்கள் அதைக் குறையென்று நினைத்து ஒழிக்கப் பார்த்தார்கள். வாசித்தவர்களோ அதைத் தாளமாக்கிக் கொண்டார்கள். இன்னொன்று லெஸ்லி ஸ்பீக்கர். 1940களின் தொடக்கத்தில் டான் லெஸ்லி என்பவர் ஒரு மரப்பெட்டிக்குள் ஒலிபெருக்கிக் கூம்பைச் சுழலவிட்டார். ரயில் நெருங்கும்போது உயர்ந்தும் நம்மைக் கடந்தபின் தாழ்ந்தும் அதன் ஹாரன் கேட்கிறதே, அதே டாப்ளர் விளைவு. இங்கே நொடிக்குப் பல முறை நடக்கிறது. அதனால்தான் அந்த ஒலி நடுங்குகிறது, அலைபாய்கிறது. ஹேமண்ட் கடைசிவரை அந்தப் பெட்டியை ஏற்கவில்லை. இன்று அது இல்லாமல் ஜாஸ் ஆர்கனை நினைக்கவே முடியாது. ஒரு வாத்தியத்தின் குணத்தை, செய்தவரைவிட வாசித்தவர்களே முடிவு செய்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

● பியானோ வாசித்துக்கொண்டிருந்த ஜிம்மி ஸ்மித், வைல்ட் பில் டேவிஸின் ஆர்கனைக் கேட்டு மனம் மாறினார். சொந்தமாக ஒன்று வாங்கி, ஃபிலடெல்ஃபியாவில் ஒரு கிடங்கில் வைத்து, தனியே சாதகம் செய்தார். 1956-ல் புளூ நோட் நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டோடு ஜாஸில் ஆர்கனின் காலம் தொடங்கியது என்றே சொல்லலாம். வலக்கையில் ராகம் ஓடும். இடக்கையும் காலும் பேஸைப் பார்த்துக்கொள்ளும். கூடவே ஒரு கிட்டார், ஒரு டிரம்ஸ். மூன்று பேரில் முழுக் கச்சேரி.

● ரோடா ஸ்காட் என்ற பெண் ஆர்கன் கலைஞர் மேடையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அமர்வார். பெடல்களை வெறுங்காலால் வாசிப்பதே அவர் வழக்கம்.

● இந்தியாவில் மின்சாரக் கட்டை வாத்தியங்கள்? 1954-ல் வெளிவந்த ‘நாகின்’ இந்திப் படத்தின் மகுடி ஓசை மகுடியில் ஊதியதல்ல. கிளாவியோலின் என்ற சிறு மின்னணுக் கட்டை வாத்தியத்தில் கல்யாண்ஜி வாசித்தது.

● இளையராஜா இசையமைப்பாளர் ஆவதற்கு முன், சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் கிட்டாரோடு காம்போ ஆர்கனும் வாசித்தவர். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர், சலீல் சௌத்ரிக்கும் வாசித்திருக்கிறார். காம்போ ஆர்கன் என்பது சக்கரங்களுக்குப் பதில் டிரான்சிஸ்டர் போட்ட, தூக்கிச் செல்லக்கூடிய தம்பி; 1960களில் பரவியது. ஹேமண்டின் பி-3 என்ற ஆர்கனோ, பெடலும் பெஞ்சும் சேர்ந்து 190 கிலோவுக்கு மேல்! 1976-ல் ‘அன்னக்கிளி’ படம் வந்தபின் ராஜாவின் குழுவில் கட்டைகளுக்கு முன் அமர்ந்தவர் விஜி மானுவேல். ராஜாவின் பாடல்களின் இடையிசையில் திடீரென ஜாஸ் வாடை அடித்தால் கீபோர்டைக் கவனித்துக் கேளுங்கள். பாடலே வேறொன்றாகத் திறக்கும்.

● பங்குனிப் பொங்கல் கச்சேரி மேடையில் இருக்கும் கீபோர்டிலும் இந்த ஆர்கன் ஒலிகளெல்லாம் உண்டு. 1991-ல் வகுத்த ஜெனரல் மிடி என்ற பொது வரிசையில் 17 முதல் 21 வரை ஆர்கன்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். 20 தேவாலயத்துக் குழல் ஆர்கன், 21 நம் ஆர்மோனியத்தின் உறவுக்காரன். ஜிம்மி ஸ்மித்தின் ஒலி வேண்டுமென்றால் 17-ஐ அமுக்கச் சொல்லுங்கள்.