ஜெனீவா சென்ற பள்ளி மாணவர்

விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் ஆலயத்தில் காலங்காட்டும் கல் ஒன்று உண்டு. எண்கள் பொறித்த அக்கல்லின் பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், நிழல் விழுமிடம் மணியைச் சொல்லும். நிழல் நகர்வதைக் கண்டவர் அநேகர். அது ஏன் நகர்கிறதென்று கேட்டவர் சிலரே. அச்சிலரால்தான் கல்லும் கடிகாரமாயிற்று.

அவ்வாறே கேள்வி கேட்ட நம் நாட்டுப் பள்ளி மாணவர் சிலர், 2018ஆம் ஆண்டில் கடல் கடந்து சென்ற செய்தியை நம் குடும்பங்களுக்கு அறியத் தருகிறோம்.

சுவிட்சர்லாந்தில், ஜெனீவா நகரருகே, 1954இல் நிறுவப்பெற்ற செர்ன் என்னும் ஆய்வுக்கூடம் உள்ளது. பொருள்கள் அனைத்திற்கும் அடிப்படையான நுண்துகள்களை ஆராய்வதே அதன் பணி. ஹிக்ஸ் துகளைக் கண்டறிந்த செய்தி 2012இல் இங்கிருந்துதான் வெளிவந்தது. 2017 முதல் இந்தியாவும் இதன் இணை உறுப்பு நாடாகும்.

இக்கூடம் தனது 60ஆம் ஆண்டையொட்டி, 2014இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கென ஒரு போட்டியைத் தொடங்கிற்று. மாணவர்கள் குழுவாகக் கூடி, தாங்களே ஒரு சோதனையைத் திட்டமிட்டு எழுதியனுப்ப வேண்டும். வெல்லும் குழுவினர் வழிகாட்டும் ஆசிரியருடன் ஆய்வுக்கூடம் ஒன்றிற்கே அழைக்கப்பெறுவர். பயணச் செலவு அவர்களைச் சாராது. அங்கு அவர்கள் வெறும் பார்வையாளர் அல்லர். தங்கள் சோதனையை அறிவியலாருடன் நின்று தாங்களே நடத்துவர்.

2018இல் மும்பை ஆர். என். போதார் பள்ளி மாணவர் குழு, பிலிப்பைன்ஸ் நாட்டுக் குழு ஒன்றுடன் வெற்றி பெற்றது. புரோட்டானும் எலெக்ட்ரானும் காந்தப் புலத்தில் எவ்வாறு வளைகின்றன என்பதே மும்பை மாணவரின் கேள்வி. ஒன்று நேர்மின் உடையது, மற்றது எதிர்மின் உடையது. ஆதலால் அவை எதிரெதிர்த் திசைகளில் வளையும். விண்வெளியினின்று ஓயாது பொழியும் அண்டக் கதிர்களைப் பூமியின் காந்தப் புலம் திசை திருப்புவதும் இவ்விதியினாலேயே. வானத்தில் நிகழ்வதை ஆய்வுக்கூடத்தில் சிறிய அளவில் செய்து பார்க்க அவர்கள் விரும்பினர்.

மும்பைப் பள்ளிக்குள்ள வசதியும் ஆங்கிலப் பயிற்சியும் நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் இல்லை என்பது உண்மையே. தோல் பதனிடும் ஆலைகளில் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர், இது நமக்கு எட்டாக்கனி என்றெண்ணுவது இயல்பு. ஆயினும் கேள்வி கேட்கும் பழக்கத்திற்குக் கட்டணம் இல்லை. பாலாற்றங்கரைக் கிணறு ஏன் உவர்த்தது என்று வினவும் சிறுமியும் அறிவியலின் வாசற்படியில்தான் நிற்கிறாள். "பாடத்தைப் படி, மதிப்பெண் வாங்கு" என்று நாம் அவளை அடக்கினால், அவ்வாசலை அடைப்பவர் நாமே.

ஜெனீவா தொலைவில் இருக்கலாம். காவலூர் தொலைவில் இல்லை. வாணியம்பாடிக்குத் தென்கிழக்கே, ஜவ்வாது மலையிலுள்ள வைணு பாப்பு வானாய்வு நிலையத்தில், 1986இல் தொடங்கி வைக்கப்பெற்ற பெரிய தொலைநோக்கி இருக்கிறது. 1977இல் யுரேனஸ் கோளின் வளையங்களுக்குச் சான்று கண்ட வானாய்வாளருள் காவலூராரும் உண்டு.

பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே! ஒரு விடுமுறையில் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லுங்கள். திரும்பும் வழியில் அவர்கள் கேட்பதற்கெல்லாம் விடை தெரியாவிடினும், "நன்றாய்க் கேட்டாய், தேடிப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.