லேகாக் அபே மாளிகையின் கட்டடக்கலை

லேகாக் அபே என்பது இங்கிலாந்தின் வில்ட்சயர் மாவட்டத்தில், லேகாக் கிராமத்தில் உள்ள பழைமையான நாட்டுப்புற மாளிகை ஆகும். இங்கிலாந்தின் பல மாளிகைகள் செல்வர்கள் தாம் வாழ்வதற்கெனக் கட்டியவை. இதுவோ கன்னியர் மடமாகத் தோன்றி, பின்னர் வீடாக மாறியது. சமயக் கட்டடம் ஒன்று எவ்வாறு குடியிருப்பாகியது என்பதை இதன் சுவர்களிலேயே காணலாம்.

தோற்றம்

சாலிஸ்பரி சீமாட்டி ஈலா, தம் கணவரின் மறைவுக்குப் பின், 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இம்மடத்தை நிறுவினார். இது அகஸ்தீனியச் சபையைச் சேர்ந்தது. சதுரமான முற்றம், அதைச் சுற்றி நடைக்கூடம், தெற்கே தேவாலயம் என்பது இதன் அமைப்பு. கன்னியரின் உணவுக்கூடமும் படுக்கைக்கூடமும் மேல்தளத்தில் இருந்தன.

மடம் மாளிகையாதல்

எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களைக் கலைத்தபோது, 1539இல் இதுவும் மூடப்பட்டது. வில்லியம் ஷாரிங்டன் என்பவர் இதனை 783 பவுண்டுக்கு வாங்கினார். அவர் தேவாலயத்தை இடித்தார்; ஆனால் அதன் வடக்குச் சுவரை விட்டுவைத்தார். அச்சுவரே இன்று மாளிகையின் தெற்கு முகப்பு. முற்றத்தையும் நடைக்கூடத்தையும் கீழ்த்தள அறைகளையும் இடிக்காமல், மேல்தளத்தைத் தம் வசிப்பிடமாக்கிக்கொண்டார். இதனால்தான் இடைக்கால மடத்தின் கல் வளைவுக் கூரைகள் இன்றும் நிலைத்துள்ளன. தென்கிழக்கு மூலையில் அவர் எழுப்பிய எண்கோணக் கோபுரத்தில், செதுக்கு வேலைப்பாடுடைய கல்மேசைகள் உள்ளன. இத்தாலிய மறுமலர்ச்சிக் கலை இங்கிலாந்தில் பரவத் தொடங்கிய காலத்திற்கு இவை நல்ல சான்று.

பிற்கால மாற்றங்கள்

1750களில், ஜான் ஐவரி டால்பட்டிற்காக சாண்டர்சன் மில்லர் பெருங்கூடத்தைக் கோதிக் பாணியில் புதிதாக அமைத்தார். உண்மையான கோதிக் நடைக்கூடமும், அதன் பாணியைப் பின்பற்றிய 18ஆம் நூற்றாண்டுக் கூடமும் ஒரே கட்டடத்தில் இருப்பதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பின்னர் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், தெற்கு முகப்பில் வெளியே துருத்தி நிற்கும் சாளரங்களை அமைத்தார். அவற்றுள் ஒன்றை அவர் 1835 ஆகஸ்டில் படமெடுத்தார். இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய ஒளிப்பட எதிர்மம் (நெகட்டிவ்) அதுவே.

இன்றைய நிலை

1944 முதல் இம்மாளிகை தேசிய அறக்கட்டளையின் உடைமையாக உள்ளது. ஹாரி பாட்டர் திரைப்படக் காட்சிகள் சில இங்குப் படமாக்கப்பட்டன. பயன்பாட்டுக்காக மாற்றியமைத்ததே இக்கட்டடத்தைக் காத்தது. முழுவதும் இடிக்கப்பட்டிருந்தால் கன்னியர் நடந்த அந்த நடைக்கூடம் எஞ்சியிருக்காது.