மாத்திரைக்கு முன் ஒரு தவணை

நாற்பதைக் கடந்த குடும்பத் தலைவர் ஒருவர் இரத்தப் பரிசோதனைச் சீட்டுடன் வீடு திரும்புகிறார். "சர்க்கரை வியாதி இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது" என்று டாக்டர் சொல்லியனுப்பியிருக்கிறார். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஆகவே சீட்டு அலமாரியில் உறங்கப் போய்விடுகிறது. என் தமையனார் வீட்டில் அவ்வாறு உறங்கிய சீட்டு நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரே வெளியே வந்தது. அதற்குள் அவர் நாள்தோறும் மாத்திரை உட்கொள்பவராகிவிட்டார்.

75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துப் பருகி, 2 மணி நேரம் கழித்துப் பார்க்கையில் இரத்தச் சர்க்கரை 140 முதல் 199 வரை இருப்பின் அதுவே அந்த 'வாசல்'. இந்நிலையிலிருந்த 531 பேரைக் கொண்டு டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்திய ஆராய்ச்சியின் முடிவுகள் 2006-ஆம் ஆண்டில் வெளியாயின. அவர்களது சராசரி வயது ஏறத்தாழ 46. ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும் கூறப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு உணவுக் கட்டுப்பாடும் நாளுக்கு அரைமணி நேரச் சுறுசுறுப்பான நடையும் விதிக்கப்பட்டன. மூன்றாம் பிரிவினருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காம் பிரிவினருக்கு இரண்டும். மூன்றாண்டுகளில் முதற்பிரிவில் நூற்றுக்கு 55 பேரை நோய் பற்றியது. ஏனைய மூன்றிலும் அத்தொகை 40-ஐ ஒட்டியே நின்றது. மாத்திரை செய்த வேலையை நடையும் உணவும் செய்தன. இரண்டையும் சேர்த்ததால் மேலதிகப் பயன் விளையவில்லை.

இதில் வியப்புக்குரியது, நடந்தவர்களின் உடல் எடை சொல்லும்படி குறையாமலே இந்நன்மை கிட்டியதாகும். நடக்கும்போது இயங்கும் தசைகள், இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை ஈர்த்துக்கொள்கின்றன. "நடந்து என்ன, ஒரு கிலோகூட இறங்கவில்லையே" என்று பத்தாம் நாளே செருப்பைக் கழற்றிவிடுபவர்கள் இதை நினைவிற்கொள்வார்களாக!

உணவைப் பொறுத்தவரை பொறுப்பு முழுவதையும் சமையலறையின்மீது சுமத்துவது ஆண்களின் வழக்கம். ஆயினும் மூன்று வேளைக் காப்பியிலும் சர்க்கரை கேட்பவர் யார்? தட்டில் சோறு மலையாகவும் காய்கறி ஊறுகாய் அளவாகவும் இருக்கும் நம் வழக்கத்தைத் தலைகீழாக மாற்றத் தனிச் சமையல் வேண்டியதில்லை. அள்ளும் கரண்டி மாறினால் போதும். மிஞ்சிய சோற்றை வீணாக்க மனமின்றி உண்ணும் இல்லத்தரசிக்கும் அதே வயதுதான், அதே ஆபத்துதான். அவருக்குப் பரிசோதனை எப்போது நடந்தது என்று கேட்டால் பல வீடுகளில் பதில் இராது.

ஒழுங்காக நடந்தவர்களிலும் நூற்றுக்கு 39 பேருக்கு நோய் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. எனவே நோயுற்றவரை "உன் சோம்பலால் வந்தது" என்று ஏசுவது அநியாயம். ஏற்கெனவே மாத்திரை உட்கொள்வோர் டாக்டரைக் கேளாமல் அதை நிறுத்துவதோ பேராபத்து.

தமையனார் இப்போது மாத்திரையும் உட்கொள்கிறார், விடியலில் நடக்கவும் செய்கிறார். சென்ற மாதம் முதல் அவருடைய மூத்த மகனும் உடன் செல்கிறான். அவனுக்கு வயது முப்பத்தொன்பது. சீட்டில் கண்ட எண் 152.