உங்களுக்குத் தெரியுமா? அன்று அந்நியரல்லர், இன்று நிபந்தனையுடன் விருந்தினர்

ஊர்காவற்றுறையையும் அதனைச் சூழ்ந்த தீவகத்தையும் சேர்ந்த நம் முன்னோர், புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்க்க மலாயாவுக்குக் கப்பலேறிய காலத்தில், 1933இல் அங்கு அமலுக்கு வந்த அந்நியர் சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. ஏனெனில், பிரித்தானிய முடியின் பிரஜைகளாகிய அவர்கள் அச்சட்டத்தின் கண்களுக்கு அந்நியரே அல்லர்!

● இன்று மலேசியாவாக விளங்கும் அதே தேசம், 2022 அக்டோபர் 1 முதல், பிறநாட்டுக்குரிய தொழிலைக் கணினி வழியே இருந்த இடத்திலிருந்து புரிவோருக்கென்றே ‘டி ரந்தாவ்’ என்னும் தனி அனுமதியை வழங்கி வருகின்றது.

● தகவற்றொழில்நுட்பத் துறையினர் அதனைப் பெற, ஆண்டுக்கு 24,000 அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வருமானத்தை நிரூபித்தல் வேண்டும். தங்கும் காலம் 3 முதல் 12 மாதங்கள். மேலும் 12 மாதங்களுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

● இலங்கையிலோ, வருவோர் போவோரைக் கட்டுப்படுத்தும் 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம், சுதந்திரத்தின் பின்னர், 1949 நவம்பர் 1இல்தான் நடைமுறைக்கு வந்தது.

● மலாயாவில் சேவை முடிந்து ஊர் திரும்பி, திண்ணையிலமர்ந்தவாறே கடல்கடந்த கருவூலத்தின் பணத்தை மாதந்தோறும் பெற்று வாழ்ந்த ‘மலாயன் பென்சனியர்’, வருமானம் ஒரு தேசத்திலும் வாசம் மற்றொரு தேசத்திலுமாக வாழும் இக்கால விநோதத்தை எந்த விசாவுமின்றி அன்றே அனுபவித்தவர் ஆவர்.