883 நாள் தாமதம்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். ‘ஜட்ஜ் நினைத்தால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்’ என்று கோர்ட் வாசலில் பேசிக்கொள்வார்கள். அப்படி இல்லை. சில முடிவுகளைச் சட்டமே நீதிபதியின் விருப்புரிமைக்கு விட்டிருக்கிறது; ஆனால் அதற்கும் கரை உண்டு. தாமத மனுக்களில் அது நன்றாகத் தெரியும்.

சிவில் வழக்கில் பிரதிவாதி வாய்தாவுக்கு வராவிட்டால், அவரை எக்ஸ்பார்ட்டி ஆக்கி, அவர் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு சொல்லிவிடலாம். அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள் அவகாசம். அதையும் தவறவிட்டவர், 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் மனுப் போட வேண்டும். ‘போதிய காரணம்’ இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. எது போதிய காரணம் என்று பட்டியல் தரவில்லை. தராததே நல்லது. ஆஸ்பத்திரியில் கிடந்தவரும் வழக்கை இழுத்தடிப்பவரும் ஒன்றல்லவே.

சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போய், 1998-ல் முடிந்த வழக்கு ஒன்று. சொத்துரிமை வழக்கில் 1991-ல் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு. அதை ரத்து செய்யப் பிரதிவாதி போட்ட மனு, யாரும் ஆஜராகாமல் 1993-ல் தள்ளுபடியானது. வக்கீலை நம்பி இருந்தவருக்கு விஷயம் வந்து சேரவில்லை. 1995-ல் அவர் மறுபடி மனுப் போட்டபோது தாமதம் 883 நாள்.

கீழ்க் கோர்ட் மன்னித்தது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றமோ கீழ்க் கோர்ட்டின் உத்தரவையே நிலைநிறுத்தியது. எத்தனை நாள் என்பது முக்கியமல்ல, சொல்லும் விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே கேள்வி என்றது. முதல் கோர்ட் மன்னித்துவிட்டால், அதில் தான்தோன்றித்தனம் இருந்தாலொழிய மேல் கோர்ட் லேசில் தலையிடக் கூடாது. மறுத்திருந்தால், மேல் கோர்ட் புதிதாகவே பார்க்கலாம். இந்த ஏற்றத்தாழ்வு எனக்குச் சரியாகவே படுகிறது. மன்னித்தால் வழக்கு விசாரணைக்குத்தான் வரும், யாரும் ஜெயித்துவிடுவதில்லை. மறுத்தாலோ, ஒருவருடைய பேச்சைக் கேட்காமலே கதவு மூடப்படுகிறது.

எதிராளியின் பாடும் நிஜம். தீர்ப்பு வாங்கிய பிறகும் வருஷக்கணக்கில் அலைந்தவர் அவர். அதனால்தான் மன்னிப்புக் கேட்டவர் அவருக்கு 10,000 ரூபாய் செலவுத் தொகை கட்ட வேண்டும் என்று அதே தீர்ப்பு நிபந்தனை வைத்தது. இப்படி இரு பக்கமும் பார்த்துக் கொடுக்கும் உத்தரவைத்தான் விருப்புரிமை என்று நான் மதிக்கிறேன். காரணம் எழுதாமல் ‘அனுமதிக்கப்பட்டது’ என்று ஒற்றை வரியில் முடித்தால், தோற்றவருக்கு ஏன் தோற்றோம் என்றே தெரியாது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். 5-ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும்தான்; வழக்குப் போடுவதற்கே தாமதித்தால் அது கைகொடுக்காது. உதாரணமாக, புரோநோட்டுக் கடனுக்கு வழக்குப் போட 3 வருஷம். இடையில் வரவு வைக்காமல், எழுத்தில் ஒப்புதலும் வாங்காமல் அந்தக் கெடு தாண்டினால், எதிராளி சொல்லாவிட்டாலும் கோர்ட் வழக்கைத் தள்ளியாக வேண்டும்.

அந்தப் பிரதிவாதியைப் போல விஷயம் தெரியாமல் இருந்துவிடாதீர்கள். உங்கள் பெயரில் வழக்கு இருந்தால் வக்கீலிடம் சி.என்.ஆர். எண்ணை, அதாவது வழக்கின் தனி அடையாள எண்ணை, இன்றே கேட்டு வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டு, அடுத்த வாய்தா என்றைக்கு என்று நீங்களே பாருங்கள்.