பிறக்கும் முன்பே பெயர்

குரோமியம் உலாவியின் மூலநிரலை, அதாவது மனிதர்கள் எழுதிய வரிகளை, ஒரு சாதாரண மடிக்கணினியிடம் கொடுத்து ஓடும் நிரலாக மாற்றச் சொன்னால் பல மணி நேரம் பிடிக்கும். தொகுத்தல் என்று இந்த வேலைக்குப் பெயர். ஓர் ஆய்வகத்தில் நாற்பது கணினிகள் இருந்தால் நாற்பதும் இதே பாட்டைப் பட வேண்டுமா? ஒன்று தொகுத்ததை மற்றவை வாங்கிக்கொள்ளக் கூடாதா?

கோப்பை வெறுமனே பிரதி எடுத்துக் கொடுத்தால் பல நேரம் வம்பில்தான் முடியும். தொகுத்த நிரல் தனியாக வாழ்வதில்லை. எழுத்தை வரைய ஒரு நூலகம் (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணைநிரல்), படத்தை விரிக்க இன்னொன்று என்று ஓடும்போதெல்லாம் துணைக்கு ஆள் கூப்பிடும். போன இடத்தில் அந்தத் துணையின் பதிப்பு வேறாக இருந்தால் தொடங்கும்போதே விழுந்துவிடும். பக்கத்து வீட்டில் இட்லி மாவு வாங்குகிறவர்கள் எந்த அரிசி, எவ்வளவு உளுந்து என்று விசாரிப்பதில்லை. இட்லி சற்றுக் கல்லானாலும் சாப்பிட்டுவிடலாம். கணினி அப்படி விட்டுக்கொடுக்காது. அதற்கு அரிசியின் ரகம் முதல் ஊறிய நேரம் வரை எல்லாம் ஒத்துப்போக வேண்டும்.

எல்லாம் ஒத்துப்போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஏல்கோ டோல்ஸ்ட்ரா 2006இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு இதற்கு அழகான விடை தந்தது. அவர் உருவாக்கிய நிக்ஸ் என்னும் மென்பொருளில், ஒவ்வொரு பொதியும் (நிறுவத் தயாரான மென்பொருள் மூட்டை) தனக்கென ஒரு 32 எழுத்துச் சரத்தைப் பெயரின் முன்னால் சுமக்கிறது. மூலநிரல், தொகுக்கும் கருவி, துணை நூலகங்கள், கொடுத்த கட்டளைகள், செயலியின் வகை ஆகிய அனைத்தையும் ஒரு கணிதச் சூத்திரத்தில் போட்டுப் பிழிந்தால் வருவது அந்தச் சரம். ஹாஷ் என்பார்கள். உள்ளே போனதில் ஒரே ஒரு காற்புள்ளி மாறினாலும் சரம் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். இருக்கக்கூடிய சரங்களின் எண்ணிக்கையை எழுத 49 இலக்கங்கள் வேண்டும். இரண்டு பொதிகள் தற்செயலாக ஒரே சரத்தில் மோதிக்கொள்ளும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த இந்தச் சரத்தில் இ, ஓ, யு, டி என்ற நான்கு எழுத்துகள் மட்டும் வராது. தற்செயலாகக் கெட்ட வார்த்தை எதுவும் அமைந்துவிடக் கூடாது என்ற முன்யோசனை!

இனிதான் எனக்கு மிகப் பிடித்த இடம். சரம் பிறப்பது விளைபொருளிலிருந்து அல்ல, சேர்மானங்களிலிருந்து. ஆகவே ஒரு வரியைக்கூடத் தொகுக்கும் முன்பே, வரப்போகும் பொதியின் முழுப்பெயர் தெரிந்துவிடுகிறது. கணினி அந்தப் பெயரைச் சொல்லி, "இது உன்னிடம் இருக்கிறதா?" என்று, தொகுத்த பொதிகளைச் சேமித்து வைத்திருக்கும் களஞ்சியக் கணினியைக் கேட்கிறது. இருந்தால் இறக்கிக்கொள்ளும், இல்லாவிட்டால்தான் அடுப்பைப் பற்றவைக்கும். பல மணி நேர வேலை சில நிமிடப் பதிவிறக்கமாகச் சுருங்குகிறது.

பெயர் பொய் சொல்லாதிருக்கக் காவலும் உண்டு. தொகுக்கும் வேலை மூடிய அறையில் நடக்கிறது: பொதுவாக இணையம் கிடையாது, அறிவிக்காத கோப்பு எதுவும் கண்ணில் படாது. முடிந்ததும் எல்லாக் கோப்புகளின் தேதியும் 1970 ஜனவரி 1, முதல் விநாடி என்று மாற்றப்படும். என்றைக்குச் செய்தது என்பது பொதிகளுக்குள் வேற்றுமையாகிவிடக் கூடாதல்லவா?

ஒரு பொதியோடு எந்தெந்தத் துணைகளைக் கூட அனுப்ப வேண்டும் என்பதை நிக்ஸ் கண்டுபிடிக்கும் விதம் வியப்பானது. தொகுத்து முடித்த கோப்புகளுக்குள் பைட் பைட்டாகத் தேடி, சேர்மானங்களின் சரம் எதுவும் புதைந்திருக்கிறதா என்று பார்க்கிறது. கண்ணில் பட்ட துணை கூடவே போகும். தொகுக்க மட்டும் உதவிய கருவி பொதுவாகத் தடயம் விடாது; அது வீட்டிலேயே தங்கிவிடும். இவ்வளவு எளிய தேடல் நடைமுறையில் இத்தனை நன்றாக வேலை செய்வது ஆச்சரியம்தான். சரம் சுருக்கிய கோப்புக்குள் ஒளிந்துகொண்டால் மட்டும் தப்பிவிடும்.

இதற்கு விலையும் உண்டு. எல்லோரும் சாய்ந்திருக்கும் அடித்தள நூலகம் ஒன்றில் ஒரு வரியைத் திருத்தினால், அதன்மேல் நிற்கும் ஆயிரக்கணக்கான பொதிகளின் பெயர்கள் மாறி, அத்தனையையும் எங்கோ ஒரு கணினி மறுபடி தொகுக்க வேண்டும். பிழையற்ற பகிர்வுக்கு இந்த விலை தகும் என்பது என் கருத்து.

வந்த பொதியில் யாரும் நஞ்சு கலக்கவில்லை என்பதற்கு மின்கையொப்பம் சான்று. நிக்ஸின் வழியில் லூதோவிக் கூர்த்தேஸ் தொடங்கிய கீக்ஸ் இதை இன்னும் ஒரு படி நகர்த்தியது. பொதியின் உள்ளடக்கம் எப்படி இருக்க வேண்டும் என்ற சிறு குறிப்பை நம்பகமான களஞ்சியத்திடம் கையொப்பத்தோடு பெறுகிறது. பருமனான பொதியையோ அதே அறையின் முன்பின் தெரியாத கணினியிடமிருந்துகூட எடுத்துக்கொள்கிறது. ஒரு பிட் பிசகினாலும் நிராகரிப்பு. தருபவர் யாராயினும் பொருள் சரியா என்பது மட்டுமே கேள்வி.

கணினி ஆய்வகம் ஒன்று உங்கள் பொறுப்பில் இருந்தால், ஒரு கணினியில் கீக்ஸின் பகிர்வுச் சேவையை இயக்கி, மற்றவற்றை அதை நோக்கித் திருப்பிப் பாருங்கள். நிக்ஸ், கீக்ஸ் இரண்டுமே கட்டற்ற மென்பொருள்கள், காசு கேட்பதில்லை.